கிறிஸ்மஸ் கூட்டத்துல வைன் கடையும் பாரும் நடத்துறது எப்படி: சுங்கை சிப்புட் கடைக்காரன் சொல்றேன்

மொதல்லயே சொல்லிடுறேன், கடைக்கு ஒரு கல்லா, பாருக்கு ஒரு கல்லா. இத மட்டும் செஞ்சிட்டீங்கன்னா மிச்சத்த எப்படியாவது சமாளிச்சிடலாம், இத விட்டுட்டு மத்தது எல்லாத்தையும் ஒழுங்கா செஞ்சாலும் 24 ராத்திரி எட்டு மணிக்கு மாட்டிக்குவீங்க. நான் மாட்டியிருக்கேன், அதான் எழுதுறேன்.

நம்ம கடை மலேசியால, பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட்ல. முன்னாடி போத்தல் விக்கிற கடை, நடுவுல ஒரு கதவு, அத தாண்டுனா எட்டு மேச போட்ட பாரு. ஈப்போ அரை மணி நேரம்தான், அங்க பெரிய சூப்பர்மார்க்கெட்ல நம்மள விட ரெண்டு மூணு வெள்ளி (ரிங்கிட்) கொறச்சலா கெடைக்கும், அது எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் சுத்துப்பட்டு தோட்டத்து ஜனமும் தாமான் வீடுங்கள்ல (குடியிருப்பு) இருக்கவங்களும் கேஎல் (கோலாலம்பூர்), சிங்கப்பூர்ல வேல பாத்துட்டு லீவுக்கு வர்ற பிள்ளைங்களும் கடைசி நேரத்துல நம்ம கடைக்குத்தான் வருவாங்க. கடைசி நேரம்ங்கிறதுதான் நம்ம யாவாரமே.

அந்த நேரத்துல வர்ற கூட்டம் ரெண்டு வகை. ஒன்னு தாப்பாவ் கூட்டம், அதாவது வாங்கி கைல எடுத்துட்டு போறவங்க, இன்னொன்னு உக்காந்து குடிக்கிற கூட்டம். தாப்பாவ் ஆளுக்கு அவசரம், ராத்திரி பூசைக்கு போகணும், கேக்கு எடுக்கணும், காடிய ரோட்டுல ரெண்டாவது வரிசைல நிறுத்தி சிக்னல் லைட்ட போட்டுட்டு எறங்கி வந்திருப்பாரு. உக்காந்திருக்க ஆளுக்கு அவசரமே கெடையாது, ஆனா ஐஸ் மட்டும் கேட்ட ஒடனே வேணும். இந்த ரெண்டு பேரையும் ஒரே ஆளு பாத்தா என்ன ஆகும்? நான் கடை எடுத்த மொத வருசம் நானே ரெண்டையும் பாத்தேன். பட்டுப் பொடவ கட்டிட்டு ஒரு ஆண்ட்டி கைல ஒரு வைன் போத்தலோட நிக்கிறாங்க, நான் பில்லு போட போறேன், பின்னாடி கதவுலருந்து "அண்ணே ஐஸ்"னு ஒரு சத்தம், ஐஸ குடுத்துட்டு வந்தா முன்னாடி ஆறு பேரு, அதுக்குள்ள அஞ்சாம் மேசைல எத்தன போத்தல்னு மறந்து போச்சு, ஒருத்தருக்கு பத்து வெள்ளின்னு நெனைச்சி அம்பது வெள்ளி தாள மிச்சமா குடுத்துட்டேன், ஆண்ட்டி போத்தல கவுண்டர்லயே வச்சிட்டு போயிட்டாங்க. அவங்க அதுக்கப்புறம் ரெண்டு வருசம் கடைப்பக்கம் வரல. ராத்திரி கணக்கு பாத்தா பணம் இடிக்குது, எங்க இடிக்குதுன்னே தெரியல, ஏன்னா எல்லாம் ஒரே டிராயர்.

அதனால இப்ப பாருக்குன்னு தனி மேச, தனி டிராயர், தனி கியூஆர். கியூஆர் ரெண்டும் வேற வேற அக்கவுண்ட்டுக்கு போற மாதிரி வச்சிக்கோங்க, அப்பதான் ராத்திரி எது கடைக் காசு எது பாரு காசுன்னு பிரிக்க முடியும். போன்ல காசு கட்டுற டச் அண்ட் கோல கட்டிட்டேன்னு போன தூக்கி காட்டுனா போதாது, பழைய ஸ்கிரீன்ஷாட்ட காட்டிட்டு போன ஆளுங்கள நான் பாத்திருக்கேன், சத்தம் குடுக்குற அந்த சின்ன பெட்டி வாங்கி வைங்க, அது சொன்னாத்தான் காசு வந்துச்சு. மழ பேஞ்சா லைன் போயிடும், அதனால சில்லறை கட்டாயம் வேணும். 25 பேங்க் லீவு, 23க்குள்ள போயி ஒரு வெள்ளி தாளும் அஞ்சு வெள்ளி தாளும் மாத்தி வச்சிடுங்க, எவ்வளவு மாத்தணும்னு தோணுதோ அதுல ரெண்டு மடங்கு மாத்துங்க.

ஆளு கணக்கு: அடுப்புல நிக்கிற ஆள விட்டுட்டு கொறஞ்சது மூணு பேரு. கடை கல்லால ஒருத்தர், பாரு கல்லால ஒருத்தர், ஐஸும் பெட்டியும் தூக்கி ஓடுறதுக்கு ஒரு பையன். கல்லால இருக்கவங்க எடத்த விட்டு எந்திரிக்கவே கூடாது, ஒன்னுக்கு போகணும்னாலும் ஆள மாத்திட்டுத்தான் போகணும். எங்க வீட்ல என் சம்சாரம்தான் கடை கல்லா, பொம்பளைங்க வந்தா அவங்ககிட்ட கூச்சமில்லாம கேப்பாங்க, எது இனிப்பு எது புளிப்புன்னு. பாருக்கு என் மச்சான். ஆளு பத்தலன்னு தெரிஞ்ச மலாய்க்கார பையன கூப்பிடாதீங்க, பெட்டி தூக்குறதுதானன்னு லேசா நெனைக்காதீங்க, முஸ்லிம்களுக்கான ஷரியா சட்டத்துல மாட்டிக்கிட்டா அவனுக்குத்தான் வம்பு, நம்மனால ஒரு பையனுக்கு எதுக்கு அந்த கஷ்டம்.

இப்ப சரக்கு. எல்லாரும் டிசம்பர் 20க்கு மேலதான் கிறிஸ்மஸ் யாவாரம்னு நெனைக்கிறாங்க, அது தப்பு. பிராண்டியும் ரம்மும் நவம்பர்லயே ஓட ஆரம்பிச்சிடும், கேக்குக்கு பழம் ஊற வைக்கிறதுக்கு. நல்லா கேக்கு செய்ற ஆண்ட்டிங்க தீபாவளி முடிஞ்ச கையோட வந்துடுவாங்க, அவங்களுக்கு ரொம்ப வெல கூடுன பிராண்டிய தள்ளி விடாதீங்க, ஊற வைக்கிறதுக்கு நடுத்தரமானதே போதும்னு உண்மைய சொல்லுங்க, அந்த ஒரு வார்த்தைக்காக 23ஆந் தேதி வைன் வாங்க அவங்க திரும்ப வருவாங்க. தோட்டத்து ஆளுங்களுக்கு சம்பளம் மாசம் பொறந்து ஏழாந் தேதிக்குள்ள வரும், நடுவுல அட்வான்ஸ், ஆக கிறிஸ்மஸ் நேரத்துல அவங்க கைல காசு கம்மிதான். 22, 23, 24ல காசு எறக்குறது வெளியூர்லருந்து வந்த பிள்ளைங்க. தோட்டத்து ஆளுங்க பெட்டி பீரு வாங்குறது ஏழு எட்டு தேதிலயே, அப்பவே வீட்ல கொண்டு போய் வச்சிடுவாங்க. இத தெரிஞ்சிக்காம 20ஆந் தேதி வரைக்கும் பீர ஆர்டர் பண்ணாம இருந்தா மாச ஆரம்பத்து யாவாரம் போச்சு.

எவ்வளவு எடுக்குறது? போன வருச 24ஆந் தேதி கணக்கு இருந்தா அத பாருங்க, இல்லன்னா சாதாரண சனிக்கெழம ஓட்டத்துல மூணு மடங்கு பீரு, நாலு மடங்கு வைன். 25 வெள்ளிக்கெழம விழுந்தா மூணு நாள் சேந்து வரும், அப்ப இன்னும் கொஞ்சம் கூட்டிக்கோங்க. டின்னு பீர்ல பயமே வேணாம், 320 மில்லி, பெட்டிக்கு 24, மிஞ்சுனா புது வருசம் இருக்கு, பொங்கல் இருக்கு, சீனப்பெருநாள் இருக்கு. ஸ்டவுட்டும் (கருப்பு பீரு) அப்படித்தான். மிஞ்சுனா தூங்குறது வைன்தான், அதுலயும் சிவப்பு வைன், நம்ம ஊர்ல ஜனவரில அத யாரும் தொட மாட்டாங்க. அதனால வைன்ல வகைய கொறைங்க. முப்பது வகை வச்சி ஒவ்வொன்னுலயும் மூணு போத்தல் வைக்கிறத விட எட்டு வகை போதும்: இனிப்பா ரெண்டு, வெள்ள ரெண்டு, சிவப்பு மூணு, பொங்குற வைன் ஒன்னு.

வர்றவங்க பத்துல எட்டு பேரு கேக்குறது ஒரே கேள்வி, "இனிப்பா இருக்குமா?" அவங்களுக்கு மொஸ்காட்டோவ குடுங்க, ஆல்கஹால் கம்மியாத்தான் இருக்கும், அம்மா, பாட்டி எல்லாரும் ஒரு கிளாஸ் குடிப்பாங்க. ஆட்டுப் பெரட்டலுக்கு எது நல்லாருக்கும்னு கேட்டா எல்லாரும் ரெட் வைன்னு சொல்லுவாங்க, நான் சொல்ல மாட்டேன், நம்ம வீட்டு காரத்துக்கு தொவர்ப்பு ஜாஸ்தியா இருக்க ரெட் வைன் இன்னும் எரிச்சல் குடுக்கும், கொஞ்சம் இனிப்பு இருக்க ரீஸ்லிங் மாதிரி வெள்ள வைன சில்லுனு குடிச்சா காரம் அடங்கும். ரெட்டே வேணும்னா ஷிராஸ் எடுத்துட்டு போங்க, ஆனா அரை மணி நேரம் பிரிட்ஜ்ல வச்சிட்டு ஊத்துங்கன்னு சொல்லி அனுப்புவேன். ரெட் வைன ரூம் சூட்டுல குடிக்கணும்னு எங்கயோ படிச்சிட்டு வருவாங்க, அந்த ரூமு பதினாறு பதினெட்டு டிகிரி இருக்க வெள்ளக்காரன் ஊர் ரூமு, சுங்கை சிப்புட் மத்தியானத்து ரூமு இல்ல. ஒரு போத்தல் 750 மில்லி, 150 மில்லியா ஊத்துனா அஞ்சு கிளாஸ், இத கல்லால எழுதி ஒட்டி வைங்க, "பன்னெண்டு பேருக்கு எத்தன போத்தல்"னு கேட்டா ஒடனே சொல்லலாம்.

வைன வைக்கிற எடம் முக்கியம். ஒரு வருசம் அழகா இருக்கட்டும்னு முன் கண்ணாடி ஓரத்துல வைன் போத்தல அடுக்கி கலர் லைட்டு சுத்தி விட்டேன், பாக்க சூப்பரா இருந்துச்சு, சாயங்கால வெயிலு நேரா அடிக்கிற எடம்னு யோசிக்கல, பத்து நாள்ல ரெண்டு போத்தல்ல கார்க்கு வெளிய தள்ளிட்டு நிக்குது, கழுத்துல ஒழுகுன தடம் இருக்கு. தொறந்து பாத்தா வேக வச்ச திராட்சப்பழ வாசம். இப்ப கண்ணாடி ஓரத்துல காலி போத்தல்தான் நிக்கும்.

பொங்குற வைன தொறக்குறது பாருல வேல பாக்குற எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கணும், ஏன்னா 24 ராத்திரி யாராவது ஒருத்தர் "தம்பி நீயே தொறந்து குடு"ம்பாரு. போத்தல் நல்லா குளுந்திருக்கணும், சூடா இருந்தா கார்க்கு குண்டு மாதிரி போகும். மேல காகிதத்த உரிச்சிட்டு, கட்ட வெரல கார்க்கு மேல அமுக்கி வச்சிக்கிட்டு கம்பிய ஆறு தடவ திருகி தளத்தணும், கம்பிய கழட்டிட்டு கட்ட வெரல எடுத்துட்டு ஏதோ தேடுறது கூடவே கூடாது. போத்தல சாச்சி புடிச்சி, யாரு மூஞ்சியும் இல்லாத பக்கமா திருப்பி, கார்க்க அசையாம புடிச்சிக்கிட்டு போத்தல மெதுவா திருகுங்க. கார்க்கு தன்னால மேல வரும், அத வர விடாம கொஞ்சம் கீழ அமுக்கி புடிக்கணும், கடைசில டப்புனு வெடிக்காம புஸ்ஸுனு ஒரு மூச்சு மாதிரி வரும். அதான் சரி. வெடிச்சா ஜனம் கைதட்டும், ஆனா அரை கிளாஸ் மேசைல.

ஐஸ். பாரு நடத்துறதே ஐஸ் நடத்துறதுதான். நம்ம ஆளுங்க பீர ஐஸ் போட்டுத்தான் குடிப்பாங்க, அதனால உக்கார்ற ஆளு ஒருத்தருக்கு ஒரு கிலோன்னு கணக்கு வைங்க, அதுக்கு மேல போத்தல் குளுத்துறதுக்கு தனியா. ஒரு வருசம் ஐஸ் லோரிக்காரரு 24 சாயங்காலம் அஞ்சு மணிக்கு வர்றேன்னாரு, ஏழு வரைக்கும் போன எடுக்கல, எட்டரைக்கு வந்து மூட்டய எறக்குனா பாதி தண்ணி. அதுலருந்து பாதி ஐஸ 23 ராத்திரியே ஒருத்தர்கிட்ட எடுத்து பெரிய தோம்புல (பீப்பாய்) போட்டு மூடிடுவேன், மீதிய 24ல இன்னொருத்தர்கிட்ட எடுப்பேன்.

போத்தல் குளுத்துற சில்லர் பிரிட்ஜ 22ஆந் தேதியே பாருங்க. பின்னாடி காயில்ல தூசி அடஞ்சிருந்தா பிரஷ்ஷால தள்ளுங்க, செவுத்துலருந்து ஒரு சாண் தள்ளி நிக்கட்டும். கதவு ரப்பர்ல ஒரு வெள்ளி தாள வச்சி மூடிட்டு இழுத்து பாருங்க, சும்மா வழுக்கிட்டு வந்தா குளுரு வெளிய போகுதுன்னு அர்த்தம். சூடான பெட்டிய மொத்தமா ஒரே நேரத்துல அடைச்சா குளுர ஒரு ராத்திரி ஆகும், அதனால 23 ராத்திரி கடை மூடுறப்பவே நெரப்பிடணும். 24ல காலியாகுற எடத்துல புதுசா வைக்கிறத எப்பவும் பின்னாடி வரிசைல வைங்க, முன்னாடி வச்சா அடுத்து வர்றவரு வெதுவெதுன்னு இருக்க டின்ன எடுத்துட்டு போயி நம்மள திட்டுவாரு. அவசரத்துக்கு பிரீசர்ல போட்டுட்டு மறந்துடாதீங்க, வெடிச்சிடும். ஒரு தோம்புல ஐஸு, ஐஸ் மூழ்குற அளவுக்கு தண்ணி, ரெண்டு கைப்பிடி உப்பு, அதுல போத்தல கழுத்து வரைக்கும் எறக்குங்க, இருவது நிமிசத்துல சில்லுனு வந்துடும். வெறும் ஐஸ்ல வைக்கிறத விட தண்ணியோட வைக்கிறதுதான் சீக்கிரம், போத்தல சுத்தி எல்லா பக்கமும் படும்ல.

லைசென் விசயத்துல வெளையாடாதீங்க. கடை லைசென் வேற, உக்காந்து குடிக்கிற லைசென் வேற, ரெண்டுலயும் நேரம் எழுதியிருக்கும், அத எடுத்து நல்லா படிங்க. கிறிஸ்மஸ்தானே, யாரு கேக்க போறான்னு சொல்ற கூட்டாளி பேச்ச கேட்டு மூடுற நேரத்த தள்ளாதீங்க. 2017 டிசம்பர் 1லருந்து 21 வயசுக்கு கீழ உள்ளவங்களுக்கு விக்கக்கூடாது, அந்த அறிவிப்ப கடைல ஒட்டி வைக்கணும். கூட்டத்துல வயச மூஞ்சிய பாத்து சொல்ல முடியாது, ஐசி (அடையாள அட்ட) நம்பர்ல மொத ஆறு நம்பரு பொறந்த தேதி, அத பாருங்க. நான் என்ன செய்வேன்னா அன்னைக்கு தேதிக்கு 21 வருசம் முந்தின தேதிய ஒரு அட்டைல பெருசா எழுதி கல்லால ஒட்டிடுவேன். 2025 டிசம்பர் 24ன்னா 041224. ஐசில அந்த தேதியோ அதுக்கு முந்தினதோ இருந்தா சரி, பிந்தினதா இருந்தா கெடையாது. "அப்பா வாங்கிட்டு வர சொன்னாரு மாமா"ன்னு தெரிஞ்ச பையனே வந்து நிப்பான். அப்பாவ வர சொல்லுங்க.

இன்னொன்னு, சம்சுங்கிற மலிவு சாராயம். நான் வைக்கிறதில்ல. சின்ன போத்தல்ல வித்து தோட்டத்து குடும்பங்கள எப்படி அழிச்சிச்சுன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும், இப்ப அந்த மாதிரி கலப்பு மதுவ 700 மில்லி கண்ணாடி போத்தலுக்கு கொறைவா விக்கக்கூடாதுன்னும் ரூல் வந்துடுச்சு. 1941 கிள்ளான் தோட்ட வேலநிறுத்தத்துல தொழிலாளிங்க வச்ச கோரிக்கைல கள்ளுக்கடைய மூடுங்கன்னு ஒன்னு இருந்துச்சு. கள்ளுக்கடைக்கு போய் வந்த ஆளோட பேரன் இன்னைக்கு வைன் கடை வச்சிருக்கேன், என்ன சொல்றது. அதனாலதான் கடன் நோட்டு விசயத்துல கறாரா இருக்கேன்: டிசம்பர் 15க்கு மேல 555 நோட்ட எடுத்து உள்ள வச்சி பூட்டிடுவேன். பழைய கடன் பொங்கலுக்குள்ள குடுத்தா போதும், புதுக் கடன் கெடையாது, பெரிய மனுசனுக்கும் கெடையாது. பண்டிக கடன் குடுக்குறவன் ஜனவரில வீடு வீடா போய் நிக்கணும், அங்க அந்த வீட்டுக்காரம்மாதான் வந்து பதில் சொல்லும், அந்த மூஞ்ச என்னால பாக்க முடியாது.

24 எப்படி போகும்னா, காலைல பதினொன்னு வரைக்கும் காத்து வாங்கும், பயப்படாதீங்க. மத்தியானத்துல ஹேம்பர் (பரிசுக் கூட) வாங்குற ஆளுங்க. ஹேம்பர முன்னாடியே கட்டி வைங்க, வைன் போட்டது ஒரு பக்கம், போடாதது வேற பக்கம், கலந்துடாதீங்க, மலாய்க்கார டீச்சர் வீட்டுக்கு வைன் ஹேம்பர் போச்சுன்னா அந்த பொண்ணு நம்மள சும்மா விடாது. நாலு மணிலருந்து ஏழரை வரைக்கும் தாப்பாவ் கூட்டம், இதுதான் நெஜமான காசு. பழைய பேப்பர முன்னாடியே கிழிச்சி அடுக்கி வைங்க, ஒவ்வொரு போத்தலையும் பேப்பர்ல சுத்தி, கருப்பு பிளாஸ்டிக்ல போட்டு குடுத்தா போத்தலு ஒன்னோட ஒன்னு இடிக்காது, தெருவுல போறப்ப டிங்கு டிங்குனு சத்தமும் வராது. நம்ம ஊர்ல அந்த சத்தத்துக்கு பயந்தே பாதி பொம்பளைங்க கடைக்கு வர மாட்டாங்க.

எட்டு மணிக்கு மேல பாரு. அன்னைக்கு மட்டும் காசு மொதல்ல, பீரு பக்கெட்டு பெறகு. பழகுன ஆளுங்க கோவிச்சிப்பாங்க, கோவிக்கட்டும். தொட்டுக்க மெனுவ நாலா கொறைங்க, காட்டுப்பன்னி பெரட்டல், கோழி பொரியல், அவிச்ச முட்ட, கச்சாங் (கடல). மத்தத கேட்டா முடிஞ்சிடுச்சுன்னு சொல்லுங்க, அடுப்புல ஒரு ஆளுதான். சண்ட வர்ற மாதிரி இருந்தா பாட்ட கொறைங்க, லைட்ட கூட்டுங்க, பேசி தடுக்குறதெல்லாம் அப்பறம். கக்கூஸ்ல ஒரு மணிக்கு ஒரு தடவ தண்ணி ஊத்த ஆளு வைங்க.

வீட்டுக்கு அனுப்புறதும் நம்ம வேலதான். 2020 அக்டோபர்லருந்து சட்டம் இறுகிடுச்சு, மூச்சுல 100 மில்லிக்கு 22 மைக்ரோகிராம், ரத்தத்துல 50 மில்லிகிராம், அதுக்கு மேல போனா மொத தடவையே முப்பதாயிரம் வெள்ளி வரைக்கும் அபராதம், ரெண்டு வருசம் வரைக்கும் ஜெயிலு. யாரையாவது இடிச்சி அவரு செத்துட்டா பத்துலருந்து பதினஞ்சு வருசம். ரெண்டு பெரிய போத்தல் உள்ள போன ஆளு "நான் ஸ்டெடியா இருக்கேன் அண்ணே"ன்னுதான் சொல்லுவாரு. நம்ம டவுன்ல ராத்திரி பன்னெண்டு மணிக்கு கிராப் வாடகக் காடி தேடுனா வராது, தோட்டத்துக்குள்ள சுத்தமா வராது. அதனால நான் வேன் வச்சிருக்க ஒரு கூட்டாளிய 24 ராத்திரிக்கு பேசி வச்சிடுவேன், அவரு குடிக்காத ஆளு, அவருக்கு கூலி நான் குடுத்துடுவேன், குடிச்ச ஆளுங்களோட மோட்டர்பைக் சாவி கல்லா டிராயர்ல பேரு எழுதி இருக்கும், காலைல வந்து எடுத்துக்கலாம். ஒரு தடவ பதினோரு சாவி இருந்துச்சு.

26 காலைல மொதல்ல ரெண்டு டிராயரையும் தனித்தனியா எண்ணுங்க, அப்பறம் சில்லர், அப்பறம் ஸ்டோரு. புது வருசத்துக்கு என்ன வேணும்னு அன்னைக்கே போன் பண்ணிடுங்க, 28க்கு மேல யாரும் போன எடுக்க மாட்டாங்க.

காலி போத்தலு பத்தி ஒன்னு. பேப்பர் லாமா (பழைய பேப்பர், சாமான் வாங்குற) லோரிக்காரரு வந்து மொத்தமா எடுத்துட்டு போவாரு, பீரு போத்தலு பரவால்ல. ஆனா 26, 27ல யாராவது வந்து விஸ்கி பிராண்டி காலி போத்தல மட்டும் பொறுக்கி, மூடியோட, அட்ட பெட்டியோட இருந்தா நல்ல வெல தர்றேன்னு சொன்னா குடுக்காதீங்க. அதுல என்னத்த ஊத்தி திரும்ப விப்பான்னு நமக்கு தெரியாது. 2018 செப்டம்பர்ல சிலாங்கூர், கேஎல் பக்கம் மெத்தனால் கலந்த சரக்க குடிச்சி நாப்பது பேருக்கு மேல செத்தாங்க, நெறைய பேரு வெளிநாட்டுலருந்து வேலைக்கு வந்த பாவப்பட்டவங்க. அதே காரணத்துக்குத்தான் வாங்குறப்பவும் கஸ்டம்ஸ் ஸ்டாம்ப் இல்லாத போத்தல யாரு எவ்வளவு மலிவா குடுத்தாலும் நான் எடுக்க மாட்டேன். நம்ம பாருல காலியான பிராண்டி போத்தல மச்சான் ஒரு கோணி சாக்குல போட்டு, வாய கட்டி, கொல்லைல வச்சி சுத்தியலால ஒரு நாலு போடு போடுவான், சாக்குக்குள்ள சத்தம் அடங்குனதும் அப்படியே குப்ப லோரில ஏத்திடுவோம்.